என் வயிற்றிலிருந்து எடுத்த கறி

எங்கள் வீட்டில் மனித உடம்பைப் பற்றித் தெரியாதவர்கள் யாரும் கிடையாது. அதற்குக் காரணம் என் சித்தப்பா. அப்பாவின் கடைசித் தம்பி. கோம்பையிலிருந்து சைக்கிளில் உத்தமபாளையம் போய் ஹைஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தார். இங்கிலீஷிலும் கணக்கிலும் அவர் வாங்கிய மார்க்கை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் பிசியாலஜி என்று ஒரு பாடம் வைத்தார்கள். அதில் அவர் புலி. அந்தப் பாடம் வந்த நாளிலிருந்து எங்களுக்கு நிம்மதி போயிற்று.

சோற்றுக்கு உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிடுவார். பல் என்பது திரிகை, எச்சில் வெறும் தண்ணீர் இல்லை, சோற்றைச் சர்க்கரையாக்குகிற மருந்து, நன்றாக மென்றால் இனிக்கும் என்பார். நாங்களும் மென்றுகொண்டே இருப்போம். இனிப்பதற்குள் குழம்பு ஆறிவிடும். இருதயம் ஓயாமல் இறைக்கிற கமலை, நுரையீரல் கொல்லன் பட்டறைத் துருத்தி என்று வரிசையாக வரும். ஒருநாள் அம்மா துவைத்து மடித்து வைத்திருந்த பதினாறு முழச் சேலையை எடுத்து முற்றத்தில் நீளமாக விரித்துவிட்டார். ஓர் ஆளின் குடலைப் பிரித்துப் போட்டால் இவ்வளவு தூரம் வருமாம். அம்மா முணுமுணுத்துக்கொண்டே அதை மறுபடியும் துவைக்கப் போனாள். எனக்கு அப்போது எட்டு வயது. என் வயிற்றுக்குள் யாரோ ஒரு சேலையைச் சுருட்டித் திணித்துவிட்டது போல அன்று முழுவதும் ஒரு கலக்கம்.

அவர் சொன்னதில் எனக்குப் பிடித்தது இரைப்பைதான். அது ஒரு தோல் பை. அதில் புளிப்பாக ஒரு நீர் சுரக்கும். எதைத் தின்றாலும் நாலு மணி நேரத்தில் கூழாக்கிக் குடலுக்குத் தள்ளிவிடும். இதை நான் மனப்பாடம் செய்து, பள்ளிக்கூடத்தில் ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தேன். வகுப்பு எடுத்த கன்னியாஸ்திரி அம்மா என்னை முன் வரிசையில் உட்கார வைத்தார்.

எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைகளுக்கென்று இருந்தது கன்னியாஸ்திரிகள் நடத்திய அந்தப் பள்ளிக்கூடம் ஒன்றுதான். எங்கள் வீடோ சுத்த சைவம். வேதக்காரர்களின் பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்த்தால் ஆசாரம் கெட்டுவிடும் என்று அத்தை ஒற்றைக்காலில் நின்றாள். அத்தை அப்பாவுக்கு மூத்தவள். கணவன் இறந்தபின் எங்களோடு வந்துவிட்டவள், அப்பாவையே அதட்டக்கூடியவள். அவளை மீறி என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கச் சொன்னவர் சித்தப்பாதான். படிக்கிற பிள்ளை சொன்னால் அப்பா தட்டமாட்டார். ஆகவே நான் சித்தப்பாவைத் தெய்வத்துக்கு அடுத்தபடியாக வைத்திருந்தேன்.

அந்த வருடம் புளியங்காய்க் காலத்தில் எனக்கு வயிற்றுவலி வந்தது. ஏன் வந்தது என்பது எனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் மடி நிறையப் புளியங்காய் பறித்து, உப்புத் தொட்டு ஒன்று விடாமல் தின்றிருந்தேன். இதை நான் அம்மாவிடம் சொன்னேன். அத்தையிடமும் சொன்னேன். உண்மையைச் சொல்கிற பிள்ளையை யார் நம்புகிறார்கள்? முகம் வெளுத்திருக்கிறது, சோறு இறங்கவில்லை, இது தொக்கம்தான் என்று அத்தை தீர்ப்பு எழுதிவிட்டாள். தின்ற பண்டம் ஏதாவது செரிக்காமல் வயிற்றிலேயே ஒட்டிக்கொண்டு கிடந்தால் அதற்குத் தொக்கம் என்று பெயர். அதை உறிஞ்சி எடுப்பதற்கென்றே ஆட்கள் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை குச்சனூர்ப் பக்கத்திலிருந்து ஒருத்தியை வரவழைத்தார்கள். அன்று காலையில்கூடச் சித்தப்பா அத்தையிடம் வாதாடினார். இரைப்பையில் எதுவும் ஒட்டாது, ஒட்டவும் முடியாது, இதெல்லாம் கண்கட்டு என்று பிசியாலஜியைப் பிரித்து வைத்துக்கொண்டு பேசினார். வந்தவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எல்லோரும் பார்க்க வாயைக் கொப்பளித்தாள். என் வயிற்றில் ஈரமான வெற்றிலையை வைத்து, அதன்மேல் வாயை வைத்து ஓர் உறிஞ்சு உறிஞ்சினாள். எனக்குக் கூச்சத்தில் சிரிப்பு வந்தது. பக்கத்திலிருந்த தண்ணீர்க் கிண்ணத்தில் எதையோ துப்பினாள். கறுப்பாக, நார் நாராக ஒரு துண்டு மிதந்தது.

"இந்தா பாரு ஆத்தா, கறித்துண்டு. ரொம்ப நாளா கெடந்திருக்கு."

பாவம், அவள்மேல் குற்றமில்லை. போகிற வீட்டிலெல்லாம் அவள் எடுத்துக் காட்டுவது அதுதான் போலும். இது கறி தின்னாத வீடு என்று அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். அத்தை கிண்ணத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, ஆமாம், கறிதான் என்றாள். பிறந்ததிலிருந்து கறியைக் கண்ணால் பார்த்ததில்லை என்று பெருமை பேசுகிறவளுக்கு அது எப்படி அடையாளம் தெரிந்தது என்று கேட்க அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. வந்தவள் நிலைமை புரிந்ததும் வெற்றிலை பாக்கைக்கூட எடுத்துக்கொள்ளாமல் நடையைக் கட்டிவிட்டாள்.

பிறகு நடந்தது விசாரணை. எங்கே தின்றாய், யார் கொடுத்தார்கள், எத்தனை தடவை என்று அப்பா கேட்டார். நான் தின்னவில்லை என்றேன். தின்னாமல் வயிற்றுக்குள் எப்படி வந்தது என்றார். சூடத்தில் அடித்துச் சத்தியம் செய்தேன். பொய்ச் சத்தியம் வேறு செய்கிறாள் என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். எல்லாம் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் நடந்திருக்கும் என்று முடிவாயிற்று. நான் அங்கே என் தூக்குச் சட்டியிலிருந்த தயிர்ச்சோற்றைத் தவிர வேறு எதையும் தொட்டதில்லை. கன்னியாஸ்திரிகள் ஒரு மிட்டாய்கூடக் கொடுத்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தமே உண்டு.

எனக்கு ஒரே நம்பிக்கை சித்தப்பா. தூணோடு தூணாக நின்றுகொண்டிருந்தார். வீட்டிலேயே அதிகம் பேசுகிற மனுஷர் கறித்துண்டு வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. நான் ஓடிப்போய் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

"சித்தப்பா, நீங்கதான சொன்னீக, என்ன தின்னாலும் நாலு மணி நேரத்துல கரைஞ்சு போகும்னு? அப்பாகிட்டச் சொல்லுங்க."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் கிண்ணத்தைப் பார்த்தார். 

"அது வெள்ளைக்காரன் வயித்துக்கு எழுதினதுத்தா. நம்ம வயிறு வேற."

இதை எழுதும்போதுகூட எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு வருடமாக எங்களைச் சூடாகச் சோறு தின்னவிடாமல் வதைத்த மனுஷர்! பல்லும் எச்சிலும் குடலும் எங்களுக்கென்று சொன்னவர், இரைப்பையை மட்டும் சீமைக்கு அனுப்பிவிட்டார். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதையாக, பிள்ளையைக் கொஞ்சநாள் வீட்டில் வைத்திருப்பது நல்லது என்றும் சொன்னார். படித்த பிள்ளையே சொல்லிவிட்டான் என்று அப்பா எழுந்துபோனார். வயிறு சுத்தமாகும்வரை பள்ளிக்கூடம் கிடையாது என்றாள் அத்தை. சுத்தம் செய்ய விளக்கெண்ணெய். சுத்தமாகிவிட்டதா என்று சொல்ல வேண்டியவளும் அத்தைதான். அவள் கடைசிவரை சொல்லவில்லை. நான் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு மறுபடி போகவே இல்லை. கையில் கிடைத்ததையெல்லாம் படித்து நான் தேறியது பிற்பாடு, யாருக்கும் நன்றி சொல்ல வேண்டாத வகையில்.

ஆனால் பள்ளிக்கூடம் அத்தோடு முடிந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது. அடுத்த சனிக்கிழமை, போதாக்குறைக்கு, சனீஸ்வரனுக்கு எள்விளக்குப் போடவேண்டும் என்று என்னைக் குச்சனூருக்கு வண்டி கட்டி அழைத்துப்போனார்கள். விளக்கெண்ணெய் குடித்த பிள்ளையை மாட்டுவண்டியில் வைத்து மேட்டிலும் பள்ளத்திலும் உருட்டுவது என்ன பக்தியோ. கோயிலை நெருங்கும்போது, தொக்கம் எடுத்தவளின் குடிசை வாசலில் சித்தப்பாவின் சைக்கிள் நிற்பதைப் பார்த்தேன். உள்ளே அவர் அவளோடு கையை ஆட்டி ஆட்டி ஏதோ பேசிக்கொண்டிருந்தார். அம்மாவும் அத்தையும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம். எனக்காகச் சண்டை போட வந்திருக்கிறார், அவள் வாயாலேயே உண்மையை வரவழைத்துக்கொண்டு வரப்போகிறார் என்று தெரிந்துவிட்டது. நான் யாரிடமும் மூச்சுவிடவில்லை. சன்னிதியில் சித்தப்பாவுக்காகவும் சேர்த்துக் கும்பிட்டேன்.

அவர் அங்கே எதற்குப் போனார் என்பதை, அவருக்கே பேரன் பேத்தி எடுத்த பிறகு, என் வீட்டில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டே சிரித்தபடி சொன்னார். உத்தமபாளையத்தில் பள்ளிக்கூடத்துக்கு எதிர்ச் சந்தில் ஒரு ஓட்டல் இருந்ததாம். மத்தியானம் அவருக்கு அங்கேதான் சாப்பாடு. ஆட்டுக்கறிக் குழம்பு.

"தின்னாத உன் வயித்துலேயே கறி கெடந்துச்சு. நான் மாசக்கணக்காத் தின்னவன். எம்புட்டுக் கெடக்குமோன்னு பயந்து போனேன்த்தா."

அவருக்கு எடுத்தது என்னுடையதைவிடப் பெரிய துண்டாம். அதில் பெருமை வேறு. நான் சிரிக்கவில்லை. மோர்ச் செம்பை வாங்கி உள்ளே வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் சொல்லவில்லை. நல்ல நேரம் பார்த்து அப்பாவிடம் சொல்வதற்காக வைத்திருக்கிறார் என்று நான் பொறுத்துக்கொண்டேன். திங்கட்கிழமை காலையில் தலையை நானே பின்னிக்கொண்டு, சிலேட்டைத் துடைத்துப் பைக்குள் வைத்து, வாசற்படியில் போய் உட்கார்ந்தேன். அப்பா உள்ளேதான் இருந்தார். சித்தப்பா புத்தகங்களோடு வந்தார். நான் நிமிர்ந்து அவர் முகத்தையே பார்த்தேன்.

"தள்ளி உக்காருத்தா, சைக்கிளை இறக்கணும்" என்றார்.

நான் தள்ளி உட்கார்ந்தேன். அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பாவம், பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் மறந்துவிட்டார், சாயங்காலம் வந்ததும் சொல்லிவிடுவார் என்று நினைத்துக்கொண்டேன்.