ஆட்டிக் காட்டிய டார்ச் பவளம்

என் தங்கை வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக். நடு மாடியில் நின்றுபோன லிப்டுக்குள் மாட்டிக்கொண்டு கத்துகிறவர்களை வெளியே இழுத்துவிடுவதுதான் பிழைப்பு. குடி கிடையாது, சீட்டு கிடையாது. மனுஷனுக்கு ஒரே ஒரு பைத்தியம், கூடத்தில் சோபாவுக்கு எதிரே இருந்த கண்ணாடித் தொட்டி. உப்புக் கரைத்த தண்ணீரை ஊற்றி அதில் பவளம் வளர்த்தார்.

மோதிரத்தில் பதிக்கிற கல்லை நினைக்காதீர்கள். இது உயிரோடு இருக்கிற பவளம். டார்ச் பவளம் என்று பெயர். சுண்ணாம்புக் கிளை, ஒவ்வொரு கிளை நுனியிலும் ஒரு சதைத் தலை. தலையிலிருந்து விரல் நீளத்துக்குப் பச்சை இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும், நுனி மட்டும் தீப்பந்தம் மாதிரி மஞ்சளாக மின்னும். பக்கத்தில் வேறு பவளம் எது வந்தாலும் கொட்டிச் சாகடிக்கும். அதனால் சுற்றிலும் காலி இடம் விட்டு, ஜமீன்தார் மாதிரி தனியாக உட்கார்த்தி வைக்க வேண்டும். ஒற்றைத் தலையாக வந்தது, பிளந்து பிளந்து பூசணிக்காய் அளவுக்குப் பெருத்திருந்தது. கிரீஸ் கையோடு சோற்றுத் தட்டைத் தொடுகிற மனுஷன், அந்தத் தொட்டிக்குள் கை விடுவதென்றால் முழங்கை வரை தேய்த்துக் கழுவுவார். என் தங்கை பார்த்துக்கொண்டே இருப்பாள்.

இதோடு நின்றிருந்தால் எனக்கு ஒன்றும் இல்லை. இவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. சங்கமாம்! கோரிக்கை இல்லை, போராட்டம் இல்லை. ஒருவர் வீட்டில் கூடுவது, தொட்டி முன்னால் நின்று படம் எடுப்பது, டீ குடிப்பது, அடுத்தவன் தொட்டியை நொட்டை சொல்வது. தொட்டி செய்து விற்கிற கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர்; அவரைத் "தலைவரே" என்று கூப்பிட்டார்கள். அந்தச் சொல்லை அவர்கள் வாயில் கேட்கும்போதெல்லாம் எனக்குக் குமட்டும்.

அடுத்த கூட்டம் மாப்பிள்ளை வீட்டில் என்று முடிவாயிற்று. தலைவர் போன் செய்தார். ஸ்பீக்கரில் கூடமே கேட்டது.

"என்னப்பா, நீ அனுப்புன வீடியோவப் பாத்தேன். டார்ச்சு தூங்கி வழியுதே? ஓட்டத்தக் கூட்டு. டார்ச்னா ஆடணும்பா!"

அவ்வளவுதான். தண்ணீரைச் சுழற்றிவிடுகிற மோட்டாரை மாப்பிள்ளை நேராகப் பவளத்தின் மூஞ்சிக்குத் திருப்பினார். முழு வேகம்.

"என்னங்க, புயல்ல மாட்டுன மாதிரி துடிக்குதே," என்றாள் தங்கை.

"துடிக்கல, ஆடுது. அவங்க வந்து பாத்துட்டு வாயப் பொளக்கப் போறாங்க பாரு."

டார்ச்சின் சதை மெத்தென்று இருக்கும். அதன் சொந்த எலும்போ கத்தி விளிம்பு. மிதமான ஓட்டத்தில் அசையும்வரை ஒன்றும் ஆகாது. ஓங்கி அடித்தால் தன் எலும்பிலேயே உரசிக் கிழியும். இது அவருக்குத் தெரியாததில்லை. எனக்கே பத்துத் தடவை சொன்னவர் அவர்தான். விருந்தாளி வருகிறான் என்றதும் புத்தி புல் மேயப் போய்விட்டது.

சில நாளில் தங்கை என்னைக் கூப்பிட்டாள். "அண்ணே, வீட்டுல எங்கயோ எலி செத்துக் கெடக்கு. நாத்தம் தாங்கல. வந்து பீரோவ நகத்திக் குடு."

பீரோவை நகர்த்தினேன். சோபாவைத் தூக்கினேன். எலி இல்லை. தொட்டியின் மூடியைத் திறந்ததும் நாற்றம் முகத்தில் அறைந்தது. டார்ச்சின் ஒரு தலை இருந்த இடத்தில் பழுப்பாகக் கூழ். சளி பிடித்தவன் மூக்கைச் சிந்தி ஒட்டிவைத்தது போல, அதன் ஒரு நூல் ஓட்டத்தில் ஆடிக்கொண்டிருந்தது. ஆமாம், அது நன்றாகவே ஆடியது.

மாப்பிள்ளை வேலையிலிருந்து ஓடி வந்தார். மோட்டாரை நிறுத்தினார். அந்தக் கூழ் மிதந்து போய் ஒட்டுகிற தலையெல்லாம் அழுகும் என்று, குழாய் வைத்து வெளியே இழுக்கப் பார்த்தார். பதற்றத்தில், பைக்கிலிருந்து பெட்ரோல் எடுக்கிற மாதிரி வாயால் உறிஞ்சினார். வாய் நிறைய வந்தது. சமையலறைத் தொட்டியில் குடல் வெளியே வருகிறவரை வாந்தி எடுத்தார்.

"இனிமே அந்த வாயோட எங்கிட்ட பேசாதீங்க," என்றாள் தங்கை.

அறுப்பதைத் தவிர வழியில்லை. நல்ல தலைகளைத் தனியாக அறுத்தெடுத்தால் ஏதாவது மிஞ்சும். பவளத்தை வெளியே எடுத்ததும் இழையெல்லாம் சுருங்கி, பல் செட்டு மாதிரி எலும்பு துருத்தியது. ஆக்ஸா பிளேடைப் பிடித்த மாப்பிள்ளையின் கை நகரவில்லை.

"மச்சான், ஞாயித்துக்கெழமை வரைக்கும் இப்படியே வச்சிருந்துட்டு, அவங்க பாத்துட்டுப் போனப்புறம் அறுத்தா?"

கூழை விட அதுதான் எனக்கு அதிகம் குமட்டியது.

"மாப்ள, அது உசுருக்கு இழுத்துக்கிட்டுக் கெடக்கு. ஒங்களுக்குக் கண்காட்சி கேக்குதா?"

அதற்குள் பக்கத்துத் தலையும் விளிம்பில் பழுப்பாகத் தொடங்கியது. தங்கை முந்தானையை மூக்கோடு கட்டிக்கொண்டு பவளத்தின் அடியைக் கெட்டியாகப் பிடித்தாள். "நான் புடிச்சுக்கறேன். அறுங்க."

அறுத்தார். சுண்ணாம்புத் தூள், கொழகொழவென்று நீர், அந்த நாற்றம். சுத்தமாகத் தெரிந்த மூன்று தலைகளை அயோடின் கலந்த தண்ணீரில் முக்கி, குளியலறையில் உப்புத் தண்ணீர் வாளிக்குள் வைத்தார். மிச்சத்தை இரண்டு பைக்குள் போட்டு முடிந்து குப்பையில் சேர்த்தோம்.

"என்னம்மா உள்ள, பொணமா?" என்று குப்பை வண்டிக்காரர் தூர நின்று கேட்டார்.

சங்கத்தார் தவறாமல் வந்தார்கள். தொட்டி நடுவில், பவளம் உட்கார்ந்திருந்த கல் மட்டும் மொட்டையாக நின்றது. தலைவர் வீட்டைத் துழாவி, குளியலறை வாளியைக் கண்டுபிடித்துவிட்டார்.

"இருக்கேப்பா! எடுத்துக் கல்லு மேல வை. மோட்டாரப் போடு. ஒரு படம் எடுத்துட்டு மறுபடி வாளிலயே போட்டுடலாம்."

"வேணாம் தலைவரே. இன்னும் இழையே விடல."

"ரெண்டே நிமிஷம்பா. இவ்ளோ தூரம் வந்திருக்கோம்ல?"

அவர் வாளிக்குள் கை விடப் போனார். மாப்பிள்ளை அந்தக் கையைப் பிடித்து வெளியே எடுத்துவிட்டார். குளியலறைக் கதவைச் சாத்தி, அதன்மேல் சாய்ந்து நின்றுகொண்டார்.

"டீ இருக்கு. குடிச்சிட்டுக் கெளம்புங்க."

குடித்துவிட்டுத்தான் போனார்கள். வெட்கம் இருந்தால்தானே? படியிறங்கும்போது ஒருவன் சொன்னது என் காதில் விழுந்தது: "லிப்டுக்காரனுக்கு மூளை நடு மாடில நின்னு போச்சுடா."

வாளியில் இருந்த மூன்றில் இரண்டு பிறகு பழுப்பேறிக் கூழாகிவிட்டன. ஒன்று பிழைத்தது. அதைத் திரும்பத் தொட்டிக்குள் வைத்தார், உச்சியில் இல்லை. கீழே, கல்லுக்குப் பின்னால், ஓட்டம் மெதுவாக வருகிற மூலையில். முன்னால் நிற்கிறவனுக்கு அது தெரியவே தெரியாது. சுவரோரம் மண்டியிட்டு, கண்ணாடியில் கன்னத்தை ஒட்டினால்தான் தெரியும்.

போன வாரம் போயிருந்தேன்.

"மச்சான், கொஞ்சம் குனிஞ்சு பாருங்க. இன்னிக்கி நல்லா விரிஞ்சிருக்கு."

"முட்டி வலிக்குது மாப்ள," என்றேன். முட்டிக்கு ஒன்றும் இல்லை. அந்த நாற்றம் இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை.

"தள்ளுங்க," என்று அவரை இடித்துக்கொண்டு தங்கை சுவரோரம் மண்டியிட்டாள்.