அறுநூறு லெவலுக்குப் பன்னிரண்டு வட்டம்

மணிமொழியும் பிரவீணாவும் அரும்பாவூரில் ஒரே தெரு. பெரம்பலூரில் ஒன்றாகக் கம்ப்யூட்டர் படித்தவர்கள், படிப்பு முடிந்ததும் சேர்ந்தே ஒரு மொபைல் கேம் செய்யத் தொடங்கினார்கள். படம் வரைவதும் வெளியில் பேசுவதும் பிரவீணா. புரோகிராம் முழுக்க மணிமொழி.

விளையாட்டில் அறுநூறு லெவல். ஆடுகிறவர் எதுவரை வந்திருக்கிறார் என்று காட்ட, வளைந்து வளைந்து மேலேறும் பாதையாக ஒரு மேப். லெவலுக்கு ஒரு வட்டம். மணிமொழியின் அம்மா ஆண்டாயியின் பழைய போனில் அதைத் திறந்தால் போன் அப்படியே நின்றுவிடும். அறுநூறு வட்டத்தையும் ஒரே மூச்சில் தூக்க அதற்குத் தெம்பில்லை.

"நல்ல போன் வச்சிருக்கவங்க ஆடிட்டுப் போறாங்க, விடுடி," என்றாள் பிரவீணா.

"எங்கம்மா போன்ல ஓடலன்னா நம்மூர்ல பாதிப் பேரு போன்ல ஓடாது."

மூன்று வாரம் மணிமொழி அதிலேயே கிடந்தாள். திரையில் ஒரு நேரத்தில் தெரிவது எட்டு வட்டம்தான். அப்படியென்றால் மொத்தமே பன்னிரண்டு போதும். விரலால் தள்ளும்போது கீழே மறைகிற வட்டத்தை எடுத்து, எண்ணை மாற்றி, மேலே வைத்துவிடலாம். பாதைப் படத்தையும் நான்கு துண்டாக்கி, அவற்றையே மாற்றி மாற்றி அடுக்கினாள். வெங்காயக் காட்டு வேலை முடிந்து வந்த ஆண்டாயி விரல் வைத்துத் தள்ளியதும் மேப் வழுக்கிக்கொண்டு ஓடியது. பிரவீணா மணிமொழியைக் கட்டிக்கொண்டாள்.

அடுத்த மாதமே பிரவீணாவுக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. "நம்ம கேம் தேறாது போலருக்குடி. வூட்லயும் நெருக்குறாங்க," என்றாள். மணிமொழிதான் பஸ் ஸ்டாண்டு வரை போய் ஏற்றிவிட்டு வந்தாள்.

எட்டு மாதம் கழித்துத் திருச்சியில் ஒரு கேம் கம்பெனியின் இன்டர்வியூவில் மணிமொழி தன் மேப்பைக் காட்டினாள். எதிரே இருந்த வீரமுத்து தன் போனில் வேறொரு விளையாட்டைத் திறந்து மேசைமேல் வைத்தார்.

"இது போன மாசம் வந்ததும்மா. இதப் பாத்துப் பண்ணீங்களா?"

அதே பாதை. மூன்றாவது துண்டின் ஓரத்தில் அவள் சரிசெய்யாமல் விட்ட மெல்லிய வெள்ளைக் கோடுகூட அப்படியே இருந்தது. வெளியிட்டது பிரவீணாவின் கம்பெனி.

மணிமொழி "ஒரு நிமிஷம் சார்" என்று வெளியே வந்து பிரவீணாவுக்குப் போன் செய்தாள்.

"இன்டர்வியூல உங்க கம்பெனி கேமக் காட்டி, மேப்ப இதப் பாத்துப் பண்ணீங்களான்னு ஒரு சார் கேக்குறாருடி. அவர்கிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லு. நான் பண்ணதுன்னு."

"அத நான் பண்ணதாச் சொல்லித்தான் இங்க சேந்தேன். இப்ப மாத்திச் சொன்னா என் வேல போயிடும்டி."

"இங்க என்னத் திருடின்னு நெனைக்கிறாங்க, பிரவீணா."

பிரவீணா போனைத் துண்டித்தாள்.

முகம் கழுவிக்கொண்டு மணிமொழி உள்ளே போனாள். "ஒரு கம்ப்யூட்டர் குடுங்க சார். முதல்லேருந்து எழுதிக் காட்டுறேன்."

இரண்டரை மணி நேரம். நடுவில் வீரமுத்து கேட்டதற்கெல்லாம் கை நிறுத்தாமல் பதில் சொன்னாள். வட்டங்கள் மேலும் கீழும் ஓடத் தொடங்கியதும் அவர் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். "நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதும்மா. திங்கக்கிழம வந்துடுங்க."

வேலை கிடைத்த சந்தோஷம் பஸ் ஏறும்வரைகூட நிற்கவில்லை. வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தாள். 'கோச்சுக்காதடி' என்று பிரவீணாவிடமிருந்து செய்தி வந்தது. பதில் போடவில்லை.

இரண்டு வருடமாகிறது. ஊருக்குப் போனால் பிரவீணாவின் அம்மாவிடம் நின்று பேசுகிறாள், மூட்டுவலி எப்படி என்று கேட்கிறாள். மகளைப் பற்றி மட்டும் கேட்பதில்லை.