எறும்புக் கடி என்று சொல்லி வந்தேன்

1. கவுன் போனது

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு வியாழக்கிழமை, பாறசாலைப் பக்கத்தில் நான் நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பச்சை ஆபரேஷன் தியேட்டர் கவுன் காணாமல் போனது. கவுனுக்குள் ஒரு நோயாளியும் இருந்தாள். மானேஜர் முதலில் விசாரித்தது கவுனைப் பற்றித்தான்.

நோயாளியின் பெயர் செல்லம்மை. வயது ஐம்பத்துமூன்று. பனச்சமூட்டுச் சந்தையில் மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு விற்பவள். கிழங்கு வேகாது என்றால் வேகாது என்று சொல்லிவிடும் ரகம். மாதவிலக்கு நின்று மூன்று வருஷம் கழித்து அவளுக்கு மறுபடி ரத்தம் போக ஆரம்பித்திருந்தது. அந்த வயதில் அப்படிப் போனால் கர்ப்பப்பைக்குள் பார்த்தே ஆக வேண்டும். புற்றாகவும் இருக்கலாம்.

அதற்குத்தான் ஹிஸ்ட்ரோஸ்கோப்பி. விளக்கு வைத்த மெல்லிய குழாயை உள்ளே விட்டு டி.வி.யில் பார்ப்பது. மெஷின் வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. வந்த அன்று மானேஜர் அதற்கு ஒரு பூஜையும், பூஜை பிடிக்காதவர்களுக்காக ஒரு ஜெபமும் நடத்தினார். மெஷினுக்கு இவ்வளவு செய்தவர்களுக்கு, உள்ளே என்ன நடக்கும் என்று நோயாளியிடம் சொல்லத் தோன்றவில்லை.

சொல்லும் வேலை என்னுடையது. பதினோரு வருஷ சர்வீஸில் ஊசிக்கும் தையலுக்கும் டியூப் போடுவதற்கும் என்னிடம் இருந்தது ஒரே வாசகம்: "ஒண்ணும் இல்லம்மா, எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்." செல்லம்மையிடமும் அதையே சொன்னேன். அவள் கணவர் தன் பங்குக்கு, வெறும் ஸ்கேன்தான் என்று சொல்லி அழைத்து வந்திருந்தார்.

குழாய் கர்ப்பப்பை வாயைத் தொட்டதும் அவள் நிறுத்தச் சொல்லிக் கத்தினாள். டாக்டர் குழாயை எடுத்தார். செல்லம்மை எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தாள்.

"இது எந்த ஊரு எறும்பு சிஸ்டரே?"

கவுனுக்கு மேலேயே சேலையைச் சுற்றிக்கொண்டு, கேன்டீன் வாசல் வழியாகப் போய் பஸ் ஏறிவிட்டாள்.

2. பூச்சி மீட்டிங்

எங்கள் ஆஸ்பத்திரிக்கு வரும் பெண்களில் பாதிப்பேர் அவளிடம் கிழங்கு வாங்குகிறவர்கள். அடுத்த வாரம் இதே சோதனைக்குப் புக்கிங் செய்திருந்த நான்கு பேரில் ஒருவரும் வரவில்லை. மானேஜர் அவசர மீட்டிங் போட்டார்.

டாக்டர் நெய்யாற்றின்கரைக்காரம்மா, மலையாளமும் தமிழும் கலந்துதான் பேசுவார். "எறும்பு வேண்டா சிஸ்டரே. கொசுன்னு பறஞ்சா போதும். கொசு அதைக்காட்டி சின்னதல்லே?"

"கொசுன்னா ஜனங்களுக்கு மலேரியா நெனப்பு வரும் டாக்டர்," என்றார் மானேஜர். "ஈன்னு சொன்னா என்ன?"

"ஈ கடிக்காது சார்," என்றேன் நான்.

அரை மணி நேரம் பேசினோம். உள்ளதைச் சொல்லிவிடலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

3. நாலு நிமிஷம்

மூன்று வாரம் கழித்து செல்லம்மை தனியாக வந்தாள். கையில் கவுன், துவைத்து இஸ்திரி போட்டது. முகம் வெளுத்திருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ரத்தம் நிக்கல்ல பிள்ளே. எனக்குப் பயமாட்டு இருக்கு. ஆனா இன்னும் கள்ளம் சொன்னா இப்பளே பஸ் ஏறிருவேன். என்ன செய்வியன்னு மொதல்லேருந்து சொல்லு."

பெஞ்சில் உட்காரவைத்துச் சொன்னேன். மல்லாக்கப் படுத்து, காலை அகட்டி ஸ்டேண்டில் வைக்க வேண்டும். வெட்கமாக இருக்கும், மேலே துணி போர்த்துவோம். குழாய் கர்ப்பப்பை வாயைத் தாண்டும்போது மாதவிலக்கு வலி மாதிரி வலிக்கும், சிலருக்கு அதைவிடக் கூடுதலாக. உப்புத் தண்ணீர் விடுவோம், வயிறு இறுகும். கடைசியில் துளி சதை எடுக்கும்போது சுருக்கென்று இழுக்கும். எல்லாம் பத்துப் பதினைந்து நிமிஷம். இரண்டு மூன்று நாள் லேசாக ரத்தம் படலாம். காய்ச்சல் வந்தாலோ ரத்தம் கொட்டினாலோ உடனே வர வேண்டும். வலிக்கு முன்கூட்டியே மருந்து உண்டு.

"மருந்து உண்டா? பின்ன அண்ணைக்கு ஏன் தரல்ல?"

எறும்புக் கடிக்கு யார் மருந்து கொடுப்பார்கள்?

"இவ்வளவுதானா? நாலு நிமிஷம்கூட ஆவல்லியே," என்றாள். "செரி, செய்யுங்க. நான் கையத் தூக்கினா நிறுத்தணும்."

இரண்டு தடவை தூக்கினாள். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இரண்டு தடவையும் நிறுத்தினார். மூன்றாவது தடவை தொடங்கியபோது கை தூக்காமலே முடிந்துவிட்டது.

4. ரிசல்ட்

பயாப்ஸி ரிசல்ட் வந்த அன்று டாக்டர் முதலில் கணவரைத்தான் கூப்பிட்டார். வெளியே வந்த கணவர் என்னை ஓரமாக அழைத்தார். "சின்னக் கட்டின்னு சொல்லிருங்க சிஸ்டரே. அவ தாங்கமாட்டா. டாக்டரும் சம்மதிச்சாச்சு."

பெஞ்சிலிருந்து செல்லம்மை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை போய்விடுமோ என்று பயம் எனக்கு. ஆனாலும் அவள் கையைப் பிடித்து டாக்டர் அறைக்குள் கூட்டிப் போனேன்.

"டாக்டர், ரிசல்ட் என்னன்னு இவங்களே கேக்கணுமாம்."

டாக்டர் ஃபேனைப் பார்த்தார். "அது ஒண்ணுமில்லா, ஒரு சின்ன..."

"எறும்பா டாக்டரே?" என்றாள் செல்லம்மை.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு எல்லாம் சொன்னார். புற்றுதான். ஆரம்ப நிலை மாதிரித்தான் தெரிகிறது. திருவனந்தபுரத்தில் ஆபரேஷன் செய்து கர்ப்பப்பையை எடுக்க வேண்டும், தள்ளிப்போடக் கூடாது. கதவருகே நின்ற கணவர் தேம்பி அழுதார். செல்லம்மையும் கொஞ்சம் அழுதாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, "வலிக்குமா?" என்று கேட்டாள்.

"வலிக்கும்," என்றார் டாக்டர். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டது அன்றுதான்.

"அப்பம் எப்ப போணும்னு எழுதித் தாருங்க."

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: பூச்சிகளை விட்டுவிடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து நாலு நிமிஷம் உள்ளதைச் சொல்லுங்கள். பயந்தவர்கள்கூடத் திரும்பி வருவார்கள். ஏமாந்தவர்கள் வருவது கஷ்டம்.

ஆபரேஷன் முடிந்து ஆறாவது மாதம் பனச்சமூட்டில் செல்லம்மை மறுபடி கடை போட்டிருந்தாள். இரண்டு கிலோ கிழங்கு கேட்டேன். அவள் ஒன்றை ஒடித்துப் பார்த்துவிட்டு ஓரமாகப் போட்டாள்.

"இது கசக்கும் சிஸ்டரே. நாளைக்கு வா."