தொப்பியில் கை வைக்கும் பிரிவு

கொல்கத்தா மெட்ரோவில் காவல் வேலை என்றால், பாதி நேரம் திருடனைத் தேடுவது. மீதி நேரம் பயணியிடம் திட்டு வாங்குவது. நின்றே சம்பளம் வாங்கும் சக பாவிகளுக்கு இது புரியும். அந்தத் திட்டுக்கும் ஆபத்து வந்தது. 'சுரங்க ரயிலுக்குத் தனிப் போலீஸ் எதற்கு? கலைத்துவிட்டு, மேலே ரோட்டில் இருக்கும் போலீஸையே இறக்கலாமே' என்று மேலிடத்தில் ஒரு யோசனை. பதினோரு வருஷமாகச் சுரங்கத்தில் நிற்பவள் நான், வயிறு எரிந்தது.

மீன் பை

சோதனை மெஷினில் இலிஷ் மீனை வைக்க மாட்டேன் என்றார் ஒரு மாஷிமா, நம் ஊர்ப் பெரியம்மா மாதிரி. கதிர் பட்டால் ருசி போய்விடுமாம். வாதாடினால் பின்னால் வரிசை படியேறிவிடும் என்று எங்களுக்குத் தெரியும். பையைக் கையாலேயே சோதித்தேன். அதற்கும் அதட்டினார்.

"சினை மீன் அது! மெல்லத் தொடு!"

விழுந்த போன்

சால்ட் லேக் ஆபீஸுக்குப் போகும் இளைஞர், தண்டவாளத்தில் விழுந்த போனை எடுக்க ஒரு காலைக் கீழே விட்டுவிட்டார். முதுகுப் பையைப் பிடித்து இழுத்தேன். தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே ஓடும் கம்பியில் கரண்ட். அதை நிறுத்திவிட்டதாக ஸ்டேஷன் மாஸ்டர் சொன்ன பிறகுதான் நாங்கள் கொக்கிக் கழியை நீட்டுவோம். விளக்கிச் சொன்னேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"மீட்டிங் இருக்கு தீதி. கரண்டைக் கொஞ்சம் குறைச்சு வைக்க முடியாதா?"

அதிகாரியின் தொப்பி

எங்கள் பிரிவு வேண்டுமா என்று பார்க்க அதிகாரி வந்தார். கூடவே, இதுவரை மேலே ரோட்டிலேயே வேலை பார்த்த அவருடைய ஏட்டு. பிளாட்பாரத்தில் நிற்கும்போது என் பின்கழுத்து சில்லிட்டது. சுரங்கத்தில் ரயிலுக்கு முன்னால் அதன் காற்று வந்துவிடும். அங்கே காவலில் நின்ற நாங்கள் நான்கு பேரும் பழக்கத்தில் தொப்பியைப் பிடித்துக்கொண்டோம்.

"எல்லாருக்கும் தலைவலியா?" என்றார் அதிகாரி.

பதில் சொல்வதற்குள் அவர் தொப்பி பறந்து தண்டவாளத்தில் விழுந்தது. விசுவாசமான ஏட்டு அதை எடுக்க இறங்கப் போனார். அவர் பெல்ட்டைப் பிடித்துப் பின்னால் சாய்ந்தேன். இருவரும் மல்லாக்க விழுந்தோம். ரயில் உள்ளே வந்தது. அந்த மனிதருக்கு இரண்டு பெண் குழந்தைகள் என்று பிறகு தெரிந்தது.

ரயில் போனதும் கரண்டை நிறுத்தச் சொல்லி, கொக்கிக் கழியால் தொப்பியை எடுத்துக் கொடுத்தோம். அதிகாரி வெகுநேரம் அதைத் துடைத்தார்.

"உங்க பிரிவு இருக்கட்டும் தீதி. ஆனா, தலைவலியான்னு கேட்டப்பவே சொல்லியிருக்கலாம்."

பதினோரு வருஷப் பாராட்டுக் கடிதங்களைக் காட்டியும் அசையாத அந்தக் கலைப்பு ஃபைலை, கடைசியில் ஒரு தொப்பி பறந்துதான் மூட வேண்டியிருந்தது.