வாயை மூடிச் சிரி, புஷ்பவல்லி

எங்கள் வரிசை வீடுகளில் புஷ்பவல்லியைப் போல் சிரிக்கிறவள் ஒருத்தியும் கிடையாது. கிள்ளானிலிருந்து ஷா ஆலம் போகும் ஃபேக்டரி பஸ்ஸின் கடைசி சீட்டில் அவள் சிரித்தால், முன்னால் தூங்குகிறவர்கள் எழுந்து திட்டுவார்கள். அந்தச் சிரிப்பைத்தான் அடக்கப் பார்த்தாள், அவளைப் பெற்ற மகராசி வீரம்மா. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே புஷ்பவல்லிக்கு வலிப்பு வந்தது. நம் ஆட்கள் காக்காய் வலிப்பு என்றார்கள், பூசாரி வேறென்னவோ சொல்லி எலுமிச்சம்பழம் அறுத்தார். ஆஸ்பத்திரி டாக்டர் கனகசபைதான் ஃபெனிடாயின் மாத்திரை கொடுத்தார். அதைத் தினமும் விழுங்கத் தொடங்கியபின் வலிப்பு வரவே இல்லை. ஐந்தாம் பாரம் வரை பள்ளிப் படிப்பை முடித்தாள். ரேடியோ பாகங்கள் பொருத்தும் வேலையில் என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

ஒரே தொந்தரவு ஈறு. அந்த மாத்திரை சிலருக்கு ஈறைத் தடிக்க வைக்கும். இவளுக்கும் தடித்து, பல்லில் பாதியை மூடிக்கொண்டது. அவள் அதைப் பொருட்படுத்தவே இல்லை.

"பல்லு விளக்க கொஞ்சம் லேட்டாகுது, அவ்ளோதான்லா அக்கா" என்பாள்.

ரவாங்கிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் வீரம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"வாயை மூடிச் சிரிடி! இந்த ஈறைப் பாத்தா எவன் கட்டுவான்? மாத்திரையக் கொஞ்ச நாளைக்கு நிறுத்து. ஈறும் இறங்கும், மாத்திரை சாப்புடறதில்லன்னு தைரியமா சொல்லவும் செய்யலாம். தாலி ஏறிட்டா வலிப்பெல்லாம் தானா போயிடும்."

"திடீர்னு நிறுத்தவே கூடாதுன்னு டோக்டர் சொன்னாரும்மா."

"டோக்டரா உன்னைக் கட்டிக்கப் போறாரு?"

எனக்குப் பொறுக்கவில்லை. "ஈறு பெருசா, உசுரு பெருசா? அந்த டோக்டர்கிட்டயே ஒரு வார்த்தை கேளேன்" என்று கத்தினேன்.

"பொண்ணு பெத்திருந்தா உனக்குத் தெரியும், இராஜம்மா" என்று என் வாயை அடைத்தாள். எனக்குப் பிள்ளையில்லை என்பது தெருவுக்கே தெரியும். மாத்திரைப் புட்டியை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பெண் பார்க்க வந்த அன்று சமையல்கட்டில் கோப்பி ஆற்றிக்கொடுத்தவள் நான்தான். தட்டை ஏந்திக்கொண்டு போன புஷ்பவல்லி கூடத்தின் நடுவில் அப்படியே நின்றாள். கண் செருகியது. தட்டோடு தடாலென்று விழுந்து கை கால் வெட்டி இழுக்கத் தொடங்கினாள்.

"இரும்பு குடுங்க, இரும்பு!" என்று மாப்பிள்ளையின் அத்தை அலறினாள். வீரம்மா இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை உருவி மகள் கையில் திணித்தாள். மாத்திரையைப் பூட்டி வைத்த அதே சாவி! அடிப்பாவி, அதைக் கொண்டு அலமாரியைத் திறந்திருந்தால் இந்த இரும்புக்கு வேலையே இல்லையே!

அதற்குள் மாப்பிள்ளையின் மாமன் ஒரு கரண்டியை அவள் பற்களுக்கு இடையில் நெம்பினான். முன்பல் உடைந்து வாயெல்லாம் ரத்தம்.

"வாயில ஒண்ணும் வைக்காதய்யா!" என்று அவனைப் பிடித்துத் தள்ளிவிட்டு, அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். பக்கத்து நாற்காலிக்காரி என்பதால், வலிப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று புஷ்பவல்லியே எனக்கு முன்பு சொல்லிக்கொடுத்திருந்தாள். ஒரு வலிப்பு அடங்கித் தெளிவதற்குள் அடுத்தது வந்தது. பக்கத்து வீட்டு நாகையாவின் டாக்சியில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ரவாங்காரர்கள் அதற்கு முன்பே செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

பிழைத்தாள். டாக்டர் கனகசபைக்கு வந்த கோபத்தை அன்றுதான் பார்த்தேன்.

"ஈறுதான் பிரச்சினைன்னா என்கிட்ட சொல்ல வேண்டியதுதானே, அம்மா? வேற மருந்து இருக்கு. கொஞ்சம் கொஞ்சமா மாத்திக் குடுத்திருப்பேன். இப்படிச் சட்டுனு நிறுத்தினா வலிப்பு அடுக்கடுக்கா வரும். உயிரே போயிருக்கும்!"

கேட்டீர்களா? வேறு மருந்து இருந்திருக்கிறது! வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். வீரம்மா முந்தானையால் மகளின் வாயோரத்து ரத்தத்தைத் துடைத்தாள். அன்றோடு வீரம்மாவிடம் பேச்சை நிறுத்திவிட்டேன்.

மருந்தை மெதுவாக மாற்றினார்கள். சில மாதங்களில் ஈறு இறங்கியது. ஈறு விலகிய இடத்தில் பார்ப்பதற்கு முன்பல்தான் இல்லை.

அடுத்த வருஷம் ஜெஞ்சாரோமிலிருந்து ஒரு குடும்பம் பெண் பார்க்க வந்தது. புஷ்பவல்லி கூப்பிட்டதால் நானும் போனேன். கோப்பிக் கோப்பைகளுக்கு நடுவே அவள் மாத்திரைப் புட்டியையும் தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள்.

"எனக்கு வலிப்பு இருக்கு. இதைச் சாப்புடறதாலதான் வராம இருக்கு. தினமும் சாப்புடுவேன்" என்று ஓட்டைப் பல் தெரியச் சொன்னாள்.

மாப்பிள்ளையின் அம்மா புட்டியைப் பார்த்து முகம் சுளித்தாள். "கல்யாணத்துக்கப்புறம் இதெல்லாம் நிறுத்திடணும். சரின்னா மேல பேசலாம்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நான் வாயைத் திறப்பதற்குள் வீரம்மா எழுந்துவிட்டாள்.

"கோப்பியக் குடிச்சிட்டுக் கிளம்புங்க. என் மகளுக்கு மாத்திரை நேரமாச்சு."

அவர்கள் வாசல் தாண்டுவதற்குள் புஷ்பவல்லி சிரித்த சிரிப்பு தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். வீரம்மா கையில் தண்ணீர் கிளாஸோடு நின்றாள்.

"தொறந்த வாயி தொறந்தபடியே இருக்கட்டும். இந்தா, முழுங்குடி."