இடம் மாறிய சிவப்பு

என் மேசையில் ஒரு பழைய பால் புட்டி இருக்கிறது. அகன்ற வாய், தடித்த கண்ணாடி, அடியில் ஒரு கீறல். பேனாக்களைப் போட்டு வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் கையில் எடுத்து அழகாயிருக்கிறதே என்பார்கள். ஒரு காலத்தில் இதற்குள் ஈ வளர்த்தோம் என்று சொன்னால் உடனே கீழே வைத்துவிடுவார்கள். யாரோடு சேர்ந்து வளர்த்தேன் என்பதைச் சொல்ல இன்றைக்கும் எனக்கு மனம் வருவதில்லை.

அவனைப் பங்காளி என்றுதான் கூப்பிடுவேன். உறவு ஒன்றும் இல்லை. நான் தச்சு வேலைக் குடும்பம், அவன் நகரத்தார் வீட்டுப் பிள்ளை. அறுபதுகளின் பின்பாதியில் காரைக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில், விலங்கியல் துறையில் செய்முறை வகுப்புகளைக் கவனிக்கும் டெமான்ஸ்டிரேட்டர்களாக இருவரும் இருந்தோம். இருவருக்கும் தற்காலிக வேலை. ஒரே டிபன் கேரியரில் பங்கு போட்டுச் சாப்பிட்டதால் வந்த பெயர் அது. அவன் வீடு பார்வைக்கு அரண்மனை. பங்கு பிரிந்து பிரிந்து அவர்கள் பாகத்துக்கு வந்தது இரண்டே அறை. கல்லூரி மாடிப்படிக்கு அடியில் ஒரு பொந்து போன்ற இடத்தைக் கேட்டு வாங்கி, ரவையும் வெல்லமும் ஈஸ்டும் சேர்த்துக் கிண்டிய கூழைப் புட்டிகளில் ஊற்றிப் பழ ஈக்களை வளர்த்தோம். வாடை அப்படி, மாணவர்கள் அதற்குக் கள்ளுக்கடை என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ஊடுகதிர் பட்டால் குரோமோசோம் ஒடியும் என்று படித்திருந்தோம். கல்லூரியில் அதற்கு வசதி ஏது? காரைக்குடி செக்காலைப் பகுதியில் ஒரு டாக்டரிடம் எக்ஸ்ரே கருவி இருந்தது. புட்டியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு ஒரே சைக்கிளில் போய், கை முறிந்தவர்கள் கால் முறிந்தவர்களோடு வரிசையில் உட்கார்ந்தோம். கம்பவுண்டர் யாருக்கு எடுக்க வேண்டும் என்று கேட்டார். பங்காளி சிரிக்காமல் புட்டியைத் தூக்கிக் காட்டி, “உள்ள இருக்கவுகளுக்கு” என்றான். டாக்டர் நல்ல மனிதர். கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துத் திரும்பத் திரும்ப வரச் சொன்னார்.

கதிர் பட்ட சிவப்புக் கண் ஆண் ஈக்களை வெள்ளைக் கண் பெண் ஈக்களோடு சேர்த்தால், பிறக்கும் பெண் ஈக்களுக்கெல்லாம் சிவப்புக் கண்தான் வர வேண்டும். மாதக்கணக்கில் அப்படியே வந்து எங்களை அலுக்க வைத்தது. ஒரு நாள் ஈதர் மயக்கத்தில் கிடந்தவற்றைத் தூரிகையால் ஒதுக்கிக்கொண்டிருந்தபோது ஒன்றைக் கண்டேன். கண் வெளுத்திருந்தது, அதில் அங்கங்கே சிவப்பு, வெள்ளை வேட்டியில் வெற்றிலைச் சாறு தெறித்த மாதிரி. பங்காளி லென்ஸைப் பிடுங்கிப் பார்த்தான். வெகுநேரம் திருப்பித் தரவே இல்லை.

சிவப்பைத் தரும் ஜீன் அழிந்திருந்தால் கண் ஒரேயடியாக வெளுத்திருக்கும். இங்கே ஜீன் கெடவில்லை, இடம் மாறியிருந்தது. குரோமோசோமில் சில பகுதிகள் இறுகச் சுருண்டு கிடக்கும். அங்கே பெரும்பாலும் மௌனம்தான். ஒடிந்த துண்டு தலைகீழாகத் திரும்பி ஒட்டிக்கொண்டதில், நல்ல ஜீன் அந்த இறுக்கத்தின் பக்கத்தில் போய் விழுந்துவிட்டது. அந்த இறுக்கம் இதன்மேலும் பரவும். சில செல்களில் இதன் வாயை அடைத்துவிடும், சிலவற்றில் இது தப்பித்துப் பேசிவிடும். வெளிநாட்டுக்காரர்கள் எப்போதோ கண்டுபிடித்த சங்கதிதான். ஆனாலும் எங்கள் புட்டியில் பிறந்தது எங்களுடையது. பிள்ளை இல்லாத வீட்டுக்கு உறவில் ஒரு பிள்ளையைச் சுவீகாரம் விடுவது, அதாவது தத்துக் கொடுப்பது, நகரத்தாரிடையே சாதாரண வழக்கம். மாணவர்களுக்குப் பங்காளி அதை வைத்தே விளக்குவான். “பிள்ளைகிட்ட கோளாறு இல்லப்பா. விட்ட வீடு அப்படி” என்பான். வகுப்பே சிரிக்கும்.

அதை மெய்ப்பிக்க ஒரு வழி இருந்தது. ஜீன் பழைய அக்கம்பக்கத்துக்குத் திரும்பினால் பழைய நிறமும் திரும்ப வேண்டும். மறுபடியும் கதிர் காட்டி, கலப்புக்கு மேல் கலப்பாகச் செய்துகொண்டே இருந்தோம். கடைசியில் அந்தப் புள்ளிக் கண் வம்சத்திலேயே முழுச் சிவப்புக் கண்ணோடு ஒன்று பிறந்தது. மூடிய புட்டி, நாங்கள் இருவரும் காவல். பங்காளி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நின்றான். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்குப் பின் இருந்ததில்லை.

அந்த வருஷமே அவனுக்கு நெற்குப்பை என்ற ஊரில் பெரிய வீட்டுச் சுவீகாரம் கூடி வந்தது. மீசை வைத்த பிள்ளையை மணையில் உட்கார்த்தினார்கள். பெயர் மாறியது, அவர்கள் அப்பச்சி என்று கூப்பிடும் அப்பாவும் மாறினார், வேலையை விட்டான். விடைபெறும்போது, “எங்குட்டுப் போனாலும் நான் நாந்தான் பங்காளி” என்றான். நம்பினேன். புது அப்பச்சி எங்கள் கல்லூரியின் நிர்வாகக் குழுவில் இருந்தவர். எனக்கு வேலை நிரந்தரமாவதற்கு நல்ல காலம் பிறந்தது என்றுகூட நினைத்தேன்.

துறைத் தலைவருக்கு நிரந்தரமாகவிருந்த என் இடத்தில் தன் உறவுக்காரப் பையனை வைக்க ஆசை. அப்பச்சியிடம் வாக்கும் வாங்கியிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். வெளியில் சாதாரணமாகத் திரியும் ஒரு சிவப்புக் கண் ஈயைப் பிடித்துப் புட்டிக்குள் விட்டு நான் கதை கட்டுகிறேன் என்று குழுவிடம் புகார் சொன்னார். என்னைக் கூப்பிட்டார்கள். அப்பச்சியின் பக்கத்து நாற்காலியில் பங்காளி உட்கார்ந்திருந்தான். எனக்கு உயிர் வந்தது. சபையில் அவனைப் பங்காளி என்று சொல்ல முடியாது. அதனால், “இவுக கூடவே இருந்தாக. இவுகளைக் கேளுங்க” என்றேன். அப்பச்சி அவன் பக்கம் திரும்பி, “நீ பாத்தியா?” என்று கேட்டார்.

பங்காளி வாய் திறக்கவில்லை. துறைத் தலைவரைப் பார்த்தான், அப்பச்சியைப் பார்த்தான், பிறகு மேசை விரிப்பின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தான். வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கத்தத் தோன்றியது. பார்க்கவில்லை என்று பொய் சொல்லியிருந்தால்கூட எதிர்த்துப் பேசியிருப்பேன். மௌனத்தோடு யார் வாதாடுவது? அப்பச்சி ஆக வேண்டியதைப் பார்க்கச் சொன்னார். என் வேலை போனது. புரட்டுக்காரன் என்ற பெயர் வந்தது. அத்தனை புட்டிகளையும் பினாயில் ஊற்றிக் கழுவச் செய்தார்கள். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு வந்து, பிறகு மருந்துக் கம்பெனிப் பையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தேன். என்னை எதிர்த்தவர்கள்மேல் எனக்குக் கோபம் ஆறிவிட்டது. நம்ப வைத்துக் கழுத்தறுத்தவன்மேல் ஆறவில்லை.

எழுபதுகளின் கடைசியில் அப்பச்சி காலமானார். பங்காளி காரைக்குடிக்கே குடி வந்துவிட்டான் என்று கேள்விப்பட்டேன். ஒரு நாள் என் வீட்டு வாசலில் நின்றான். பழைய இடத்துக்கு வந்துவிட்டான், பழைய நிறமும் வரும் என்று எனக்குள் ஒரு நப்பாசை. ஒரு வார்த்தை, பார்த்தேன் என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றிருந்தது. காப்பி குடித்தான். மேசையில் இருந்த புட்டியை அடையாளம் கண்டு, பேனாக்களைக் கொட்டிவிட்டு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு லேசாகச் சிரித்தபடி சொன்னான்: “என்கிட்ட கோளாறு இல்ல பங்காளி. விட்ட வீடு அப்படி.”

எங்கள் இருவருக்கும் பொதுவாக மிஞ்சியிருந்த ஒரே சொத்து அந்த வாக்கியம். அதையும் அவன் தனக்கு எடுத்துக்கொண்டான். “அந்த ஜீனும் அப்படி ஒரு வீட்டுலதான் இருந்துச்சு” என்றேன். “அந்த ஈ கண்ணுலகூட நாலு புள்ளி சிவப்பு இருந்துச்சுப்பா.”

அவன் சிரிப்பு நின்றது. புட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். சிதறிக் கிடந்த பேனாக்களைப் பொறுக்கி மறுபடியும் அதில் போட்டேன். இன்றைக்கும் அதில்தான் இருக்கின்றன.