மஞ்சளுக்குப் பின்னால் அரக்கு

எங்கள் வீட்டுப் பின்கட்டுக் கம்பில் எப்போதும் பட்டு நூல்தான் காயும். அப்பா சாயம் போடுகிறவர். பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர்கள் வெள்ளை நூலைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து கொடுப்பார்கள். கேட்ட நிறத்தில் அது திரும்பிப் போகும். அந்தக் கம்பில் போன வருடம் ஒருநாள் ஒரு காரின் மேல்கூடு தொங்கியது. கண்ணாடி போலத் தெளிவான, எடையே இல்லாத பிளாஸ்டிக் கூடு. தொங்கவிட்டவள் நான்.

"இன்னாமா இது, மீன் தொட்டியா?" என்றார் அப்பா.

"காருப்பா. ரிமோட் காரு. இதுக்கு உள்பக்கம் பெயின்ட் அடிக்கணும்."

"உள்ள அடிச்சா வெளிய எவன் பாப்பான்?"

"கண்ணாடி மாதிரிதானே இருக்குது? உள்ள அடிச்சா வெளிய தெரியும். காரு உருண்டு பெரண்டாலும் பெயின்ட்டு தேயாது."

அப்பா கூட்டுக்குள் கையை விட்டு, தன் விரல்களை வெளியிலிருந்து பார்த்தார். திருப்தியானது போலத் தலையாட்டினார். "நல்லாத்தான் இருக்குது. ஆனா என் பட்டு பக்கத்துல அடிக்காத. ஒரு துளி பட்டுச்சுன்னா தறிக்காரன் இதே கம்புல என்னத் தொங்க வுட்ருவான்."

நான் ஏனாத்தூரில் பொறியியல் படிக்கிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான்தான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை, கேட்காதவர்களிடமும் சொல்லியிருக்கிறேன். கல்லூரியில் ரிமோட் கார் ஓட்டும் குழு ஒன்று இருக்கிறது. அதில் பெண் நான் ஒருத்திதான். சேர்ந்த நாளிலிருந்து எனக்குக் கிடைத்த வேலை பேட்டரிகளுக்கு சார்ஜ் போடுவது. காரின் மேல் கை வைக்கும் வேலை எதுவும் என்னிடம் வரவில்லை.

கல்லூரிகளுக்கு இடையே நடக்கும் பந்தயத்துக்கு முன் புதுக் கூடு வந்தபோது, "இதுக்கு நான் பெயின்ட் அடிக்கிறேன்" என்று முந்திக்கொண்டு சொன்னேன். அதுவரை கடையில் பெயின்ட் அடித்தே வந்த கூடுகளைத்தான் குழு மாட்டி ஓட்டியிருந்தது. யாருக்கும் இந்த வேலை தெரியாது.

குழுத் தலைவரான சீனியர் அண்ணா யோசித்தார். "இது ஒண்ணுதான்மா இருக்குது. கெட்டுப்போச்சுன்னா ஞாயித்துக்கெழமைக்குள்ள வேற வராது. மேல்கூடு இல்லாம வண்டிய எறக்க வுட மாட்டாங்க."

"அவங்க அப்பா சாயக்காரரு அண்ணா. கலரு அவ ரத்தத்துலயே ஓடிக்கினு இருக்கும்" என்றான் வகுப்புத் தோழன் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

"ஆமா, ஓடுது. நல்லா வந்தா இனிமே எல்லாக் கூடும் நான்தான் அடிப்பேன். கெடுத்துட்டேன்னா கடைசி வரைக்கும் பேட்டரிக்கே சார்ஜ் போட்டுக்கினு இருக்கேன்" என்றேன். அண்ணா கூட்டை என் கையில் கொடுத்தார்.

நிறங்களை யோசிக்கவே தேவையிருக்கவில்லை. உடல் அரக்கு, கரை மாம்பழ மஞ்சள். எங்கள் தெருவில் பாதித் தறிகளில் அந்தச் சேலைதான் ஓடும். காரின் அடிப்பகுதியைச் சுற்றி மஞ்சள் கரை, மேலே முழுக்க அரக்கு. வெள்ளிக்கிழமை கல்லூரிக்கு மட்டம் போட்டேன். கூட்டைப் பாத்திர சோப்பில் கழுவி, விரல் படாமல் மொட்டைமாடிக்குக் கொண்டுபோனேன். ஜன்னல்களையும் மேல்பகுதியையும் உட்புறம் டேப் ஒட்டி மறைத்தேன். காற்றில்லாத காலை நேரம். மஞ்சளை ஸ்ப்ரே டப்பாவால் மெல்லிசாக அடித்துக் காயவிட்டு, மறுபடியும் மெல்லிசாக அடித்தேன். அது காய்ந்ததும் மேல்பகுதி டேப்பை உரித்துவிட்டு, உள்பக்கம் முழுக்க அரக்கு அடித்தேன்.

நான் பார்த்த வீடியோவில் அடர்ந்த நிறத்தைத்தான் முதலில் அடிக்கச் சொன்னார்கள். அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. பிறந்ததிலிருந்து நான் பார்த்தது வேறு. அப்பா காலையில் மஞ்சள், ரோஸ் என்று வெளிர் நிறங்களை முதலில் முடிப்பார், அரக்கு கடைசியில்தான். அரக்கு விழுந்த பாத்திரத்தில் அப்புறம் மஞ்சள் போட முடியாது. சாயக்காரர் பெண்ணுக்கு வீடியோக்காரரா கலர் சொல்லித் தருவது என்று தள்ளிவிட்டேன்.

காய்ந்ததும் திருப்பிப் பார்த்தேன். அரக்கு அழகாக வந்திருந்தது. மஞ்சளைக் காணோம். கரை இருந்த இடத்தில் கலங்கிய பழுப்பாக ஏதோ ஒன்று இருந்தது. கூட்டின் வெளிப்பக்கம் பாதுகாப்புக்காக ஒட்டியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் தாளால்தான் அப்படித் தெரிகிறதோ என்று ஒரு மூலையில் உரித்துப் பார்த்தேன். உரித்த இடத்தில் இன்னும் தெளிவாகப் பழுப்பு.

துணி காயப்போட வந்த அம்மா எட்டிப் பார்த்தாள். "ஏன்டி, புளி கரைச்சி ஊத்தின மாதிரி இருக்குது?"

"அது மஞ்சள்மா."

"மஞ்சளா? மெல்லிசுப் பொடவைக்கு அரக்குப் பாவாடை கட்டிக்கினு நின்னாப்ல இருக்குது."

அவள் கேலியாகத்தான் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் அழுது முடிப்பதற்குள் விஷயமும் விளங்கிவிட்டது. மஞ்சள் மெல்லிசு. அதற்குப் பின்னால் அரக்கு வந்து நின்றால் அதுதான் தெரியும். அரக்கை முதலில் அடித்திருந்தால், பின்னால் எந்த நிறம் வந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகியிருக்காது. மஞ்சளுக்குப் பின்னால் நிற்க வேண்டியது வெள்ளைப் பாவாடை.

கரையை மட்டும் அழிக்க வேண்டும். எதைக் கொண்டு அழிப்பது? கூட்டின் ஓரத்தில் வெட்டியெடுத்த துண்டுகள் கிடந்தன. இரண்டில் பெயின்ட் அடித்துக் காயவிட்டு, ஒன்றைத் தின்னர் வைத்துத் துடைத்தேன். பெயின்ட்டோடு பிளாஸ்டிக்கும் பால் போல வெளுத்து விரிசல் விட்டது. அதையே கூட்டில் செய்திருந்தால் என் கதை அங்கேயே முடிந்திருக்கும். மெடிக்கல் ஷாப்பில் ஸ்பிரிட் வாங்கிவந்து இன்னொரு துண்டில் தேய்த்தேன். மெதுவாக, மிக மெதுவாக, பெயின்ட் பஞ்சில் ஏறியது. பிளாஸ்டிக் தெளிவாகவே இருந்தது.

மத்தியானம் முழுக்கத் தேய்த்தேன். நடுவில் அம்மாவும் உட்கார்ந்துகொண்டாள். "எவன் வூட்டுக் காருக்கோ நான் பல்லு வெளக்கிக்கினு இருக்கேன்" என்று முனகிக்கொண்டே, நான் விட்ட மூலைகளில் பஞ்சைத் திருகித் திருகித் துடைத்தாள்.

கரை தெளிந்தது. ஆனால் அரக்கின் விளிம்பு எலி கடித்தது போல ஆகிவிட்டது. நேர்கோடு இனி வராது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தெருவில் நெய்கிற சேலைகளில் கரை எங்கே நேராக முடிகிறது? கோபுரம் கோபுரமாக முனை வைத்துத்தானே உடலுக்குள் ஏறுகிறது? பல்குத்தும் குச்சியின் நுனியால் அரக்கைச் சுரண்டி, விளிம்பு நெடுகச் சின்னச் சின்ன முக்கோணங்கள் வைத்தேன். சனிக்கிழமை காலை அதன்மேல் மஞ்சள் அடித்தேன். கடைசியில் வெள்ளை.

ஞாயிற்றுக்கிழமை கல்லூரி மைதானத்தில் எல்லோர் முன்னாலும் வெளித்தாளை உரித்தேன். அரக்கு பளபளத்தது. கரையில் மஞ்சள் முனைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. சீனியர் அண்ணா விளிம்பை நகத்தால் தடவிப் பார்த்தார்.

"ஸ்டிக்கரா?"

"இல்லண்ணா. உள்ள சுரண்டினது."

"இத மொதல்லயே ப்ளான் பண்ணியா?"

"இல்ல. கெடுத்துட்டு அப்புறம் பண்ணேன்."

அவர் சிரித்துவிட்டார். கூட்டை அவரே மாட்டப் போனார். பிறகு நின்று, என்னிடம் நீட்டினார். நான் மாட்டினேன்.

நாங்கள் ஜெயிக்கவில்லை. மூன்றாவது சுற்றில் கார் தலைகீழாகக் கவிழ்ந்து சிமென்ட் தரையில் சரசரவென்று இழுத்துக்கொண்டு போனது. ஓடிப்போய் எடுத்தேன். வெளியே கீறல்கள் இருந்தன. மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. பந்தயம் முடிந்ததும் வேறு கல்லூரிக்காரர் ஒருவர் வந்து, இதை யார் அடித்தது என்று கேட்டார். சீனியர் அண்ணா என் பக்கம் திரும்பினார். "நான்தான்" என்றேன்.

மறுவாரம் எங்கள் கம்பில் இரண்டு தெளிந்த கூடுகள் தொங்கின. ஒன்று எங்கள் குழுவினுடையது, இன்னொன்று அந்த வேறு கல்லூரிக்காரருடையது. அப்பா நூலை ஒருபக்கமாகத் தள்ளி இடம் விட்டிருந்தார்.

"இதுக்கு இன்னா கலரு கேட்டிருக்கான்?"

"கறுப்பும் மஞ்சளும்பா."

"எது முன்ன?"

"கறுப்பு."

"கறுப்பு முன்னயா? நம்ம வூட்ல அது கடைசியாச்சே!"

"அது பட்டுப்பா. இது பிளாஸ்டிக்கு."

"சரி சரி, மேல போயி அடி" என்று சொல்லிவிட்டு, அன்றைய மஞ்சளைக் கரைக்கப் போனார்.